ஏழு வண்டி, எட்டு வளையம்

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வாயில் மிச்சமிருக்கும் ஐந்து பற்களின் மேல் சத்தியம். அதில் ஒன்று ஆடுகிறது. அதன் மேலும் சத்தியம். முந்தைய அத்தியாயங்களைப் படிக்காமல் நேராக இதில் வந்து விழுந்தவர்கள் கவலைப்பட வேண்டாம். அவற்றில் அண்ணி மூன்று திருடர்களைப் பிடித்தார், நான் நான்கு முறை வழி தவறினேன். வேறு விசேஷம் இல்லை.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. மோதிய வண்டிகளைப் பார்த்து யார் மேல் தப்பு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவர். அதை விட்ட மறுநாளே துப்பறியக் கிளம்பிவிட்டார். வீட்டில் இருந்தால் அண்ணனோடு பேச வேண்டியிருக்கும் அல்லவா. அண்ணியின் காது சாதாரணக் காது இல்லை. ஒருமுறை தொலைபேசியில் ஒருவரை நடுப்பேச்சில் நிறுத்தி, உங்கள் வாசலில் நிற்கும் வண்டிக்கு மூன்றாவது பிளக் போய்விட்டது, மாற்றுங்கள் என்றார். அந்த மனிதர் கடல் தாண்டி வேறொரு தேசத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் நன்றி சொல்லக் கூப்பிட்டார்.

நான் அண்ணிக்கு வண்டி ஓட்டுபவன், பை தூக்குபவன், வேண்டாத நேரத்தில் வாயைத் திறப்பவன்.

அந்தப் புதன்கிழமை காலை வந்த அம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஒரு கார் பட்டறைக்காரரின் மனைவி. கைப்பையைத் திறந்து மேசையில் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளைக் கொட்டினார். எல்லாம் கணவர் கையெழுத்து. "நட்டு ஐந்து. இறுக்கியாச்சு. நானே பார்த்தேன்." இன்னொன்றில், "காலையில் மறுபடி இறுக்கினேன். சத்தியம்." சட்டைப் பையில், தலையணைக்கடியில், குளியலறைக் கண்ணாடியில் என்று வீடு முழுக்க ஒரு வாரமாகப் பொறுக்கினாராம்.

கதை இதுதான். ஒரு டாக்டரம்மாவின் டர்போ கார் அவர்கள் பட்டறைக்கு வந்தது. டர்போ என்பது பேராசை பிடித்த சாதனம். இஞ்சின் வேண்டாமென்று துப்பும் புகையை வைத்தே ஒரு விசிறியைச் சுழற்றி, இஞ்சின் வாயில் கூடுதல் காற்றைத் திணிக்கும். ஓடும்போது தணல் போலச் சிவக்கும். அதன் முதுகில் ஐந்து போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். புகைக்குழாயை அதில் பொருத்தி ஐந்து நட்டு போட்டு இறுக்க வேண்டும். பட்டறைக்காரர் இறுக்கினார். பத்து நாளில் வண்டி திரும்பி வந்தது: ஒரு நட்டைக் காணோம். புதிதாகப் போட்டு அனுப்பினார். மறுபடி வந்தது: இரண்டைக் காணோம். இப்போது மூன்றாவது தடவை வந்து நிற்கிறது: மூன்றைக் காணோம். இந்தத் தடவை புகை வண்டிக்குள்ளேயே வந்து, டாக்டரம்மாவுக்குத் தலைவலி, பின் சீட்டில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை வாந்தி.

பட்டறைக்காரர் முதல் தடவை சத்தியம் செய்தார். இரண்டாவது தடவை யோசித்தார். மூன்றாவது தடவை யாரும் கேட்காமலேயே, தன் அப்பாவுக்கு வந்த மறதி நோய் தனக்கும் வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை பட்டறைச் சாவியை மச்சினன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரப் போகிறார். மச்சினன் என்றால் இந்த அம்மாளின் தம்பி. பெற்றவர்கள் போனபின் பதினாறு வயதில் வந்தவன், இருபத்திரண்டு வருஷமாக அதே பட்டறையில் இருக்கிறான்.

அந்த அம்மாள் எழுந்துகொண்டே சொன்னதை மட்டும் அப்படியே தருகிறேன்.

"அவருக்கு மறதின்னா சொல்லிடுங்க, நான் பார்த்துக்கிறேன். சோறு ஊட்டணும்னாலும் ஊட்டறேன். மறதி இல்லைன்னா, யாருன்னு சொல்லுங்க."

அண்ணி காகிதத் துண்டுகளை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "கொழுந்தனாரே, வண்டியை எடுங்க. இந்தத் தடவையாவது ரிவர்ஸ் கியர்ல கிளம்பாதீங்க."

பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. உள்ளே வண்டிகள், ஒன்றுக்குக் கதவில்லை, ஒன்றுக்கு முகமே இல்லை. ஆனால் தரையில் ஒரு திருகாணி கிடக்கவில்லை. அது பட்டறைக்காரரின் சட்டம். கழற்றிய நட்டு தரையைத் தொடக் கூடாது, டப்பாவில் கலக்கக் கூடாது. எந்த வரிசையில் கழற்றினோமோ அதே வரிசையில் ஒரு கம்பியில் கோத்து, முதல் நட்டுப் பக்கம் இரண்டு முறுக்கு முறுக்கி, வளையமாக்கி, வண்டி நம்பர் எழுதிய சீட்டோடு சுவரில் ஆணியில் மாட்ட வேண்டும். நட்டு ஒன்று தரையில் விழுந்த அன்று பட்டறைக்காரர் யாரோடும் பேசமாட்டார் என்று மச்சினன் எங்களிடம் சொன்னான்.

மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல முகவெட்டு. சுருட்டை முடி. நியாயமாக யாருக்கும் பிடித்துப் போகும். நாற்காலி கொண்டுவந்து போட்டான், அண்ணி மேல் கிரீஸ் படாமல் துணி விரித்தான். பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர். எங்களைப் பார்த்ததும் எழுந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் படித்துவிட்டு, "நீங்கதான் இன்னைக்கு வர்றதா எழுதி வச்சிருக்கேன்" என்றார். அவர் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணி முதலில் இஞ்சினை ஓட விடச் சொன்னார். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை டர்போ பக்கம் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டினார். டிக், டிக், டிக் என்று கடிகாரம் போல ஒரு சத்தம். ஐந்து நிமிடத்தில் சூடு ஏறியதும் சத்தம் நின்றுவிட்டது. இரும்பு சூட்டில் விரிந்து, புகை கசியும் இடைவெளியை முக்கால்வாசி அடைத்துக்கொள்ளும் என்றும், அதனால்தான் டாக்டரம்மா வண்டி சரியாகிவிட்டது என்று நம்பி ஓட்டியிருக்கிறார் என்றும் அண்ணி விளக்கினார். என் அண்ணனும் கோபத்தில் இப்படித்தான், கத்துவது நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

வண்டி ஆறும்வரை காத்திருந்து, அண்ணி குட்டிக் கண்ணாடி ஒன்றை உள்ளே நீட்டி, நட்டு இல்லாத மூன்று போல்ட்டுகளையும் துணியால் துடைத்துப் பார்த்தார்.

தானாகக் கழன்ற நட்டு சும்மா போகாது. நாள் கணக்கில் ஆடி, போல்ட்டின் மரையை, அதாவது திருகு வரிகளை, தேய்த்து மழுக்கிவிட்டுத்தான் விழும். இந்த மூன்றிலும் மரை கடையில் வாங்கியது போல இருந்தது. அது மட்டுமில்லை. பட்டறைக்காரருக்கு ஒரு வழக்கம். ஐந்தையும் கையால் திருகி, ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, இஞ்சினைச் சூடேற்றி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் மறுபடி இறுக்குவார். அதற்குப் பிறகுதான், சூடு தாங்கும் வெள்ளைப் பெயின்ட்டால் நட்டின் மேலிருந்து போல்ட் முனை வரை ஒரே கோடு இழுப்பார். அந்தக் கோட்டின் பாதி மூன்று போல்ட் முனைகளிலும் கரிக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

ஆக, அவர் போட்டிருக்கிறார். இரண்டு முறை இறுக்கியிருக்கிறார். அதன் பிறகு ஒரு கை வந்து ஸ்பேனர் வைத்துக் கழற்றியிருக்கிறது.

இதைச் சொன்னால் மனிதர் துள்ளிக் குதிப்பார் என்று நான் நினைத்தேன். அவர் இன்னும் சுருங்கிப் போனார்.

"அந்தக் கை என் கையா இருக்கும்மா. நானே கழட்டியிருப்பேன். கழட்டினதையும் மறந்திருப்பேன்."

அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்தார். தப்பு செய்யவில்லை என்று அடம்பிடிப்பவர்களை ஆயிரம் பேர் பார்த்தவர். செய்தேன் என்று அடம்பிடிக்கும் ஆளை என்ன செய்வது? மச்சினன்தான் அருகில் வந்து, "விடுங்க மாமா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே" என்று தோளைத் தட்டிக் கொடுத்தான்.

எனக்கு எதிர்ப் பட்டறைக்காரன் மேல் சந்தேகம். எட்டு வருஷம் முன்பு இங்கே வேலை பார்த்து, சண்டை போட்டுக்கொண்டு போய், சாலைக்கு அந்தப் பக்கம் பளபளவென்று டைல்ஸ் போட்டுக் கடை திறந்தவன். அளவுக்கு மேல் சிரிப்பவன். அளவுக்கு மேல் சிரிப்பவர்கள் வீட்டில் அடுத்தவர் குடை குறைந்தது நான்கு இருக்கும் என்பது என் அனுபவம். அண்ணி சரி என்றார். நான் சொல்லி அண்ணி சரி என்றது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

எதிர்ப் பட்டறைக்காரன் டீ வரவழைத்தான். நான் நேராகவே கேட்டேன், டாக்டரம்மா காரைத் தொட்டாயா என்று. அவன் சட்டைக் கையை மடித்துக் காட்டினான். அது கை இல்லை, தேர்வடத்தைப் பிடிக்கச் செய்தது போல ஒரு தூண். காணாமல் போன மூன்றில் ஒன்று, டர்போவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நடுவில், கீழே இருக்கும் நட்டு. அந்தச் சந்தில் அவன் மணிக்கட்டுகூட நுழையாது.

அவன் சொன்னதில் ஒரு ஆச்சரியம், வெள்ளிக்கிழமைச் சாவி விஷயம் கேள்விப்பட்டு அவனுக்குத் தூக்கமே இல்லையாம். சண்டை போட்டது நிஜம்தான். ஆனால் புரியாத வண்டி வந்தால் இன்றைக்கும் டீக்கடைக்காரர் மூலமாக அவரிடம்தான் கேட்டு அனுப்புவானாம். அவரும் யாருக்கென்று தெரியாதது போலப் பதில் சொல்லி அனுப்புவாராம். பிறகு அந்தக் கீழ் நட்டைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அதுக்கு மூணு கை வேணுங்க. மேல நிக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. கீழே படுத்து ஒருத்தர் டார்ச் அடிச்சு, இடது, இன்னும் இடது, இப்போ திருப்புங்கன்னு சொல்லணும். இத்தனை வருஷத்துல பெரியவர் அந்த நட்டைக் கண்ணால பார்த்ததில்லை."

அண்ணி டீயைக் கீழே வைத்தார். "பார்த்தது யாரு?"

அவன் வழக்கம்போலச் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டான்.

அண்ணி எழுந்து சாலையில் இறங்கினார். ஒரு லாரி பிரேக் போட்டு நின்று வழி விட்டது. அண்ணி துப்பு கிடைத்த முகத்தோடு நடந்தால் லாரிகள் அப்படித்தான் நிற்கும். பட்டறை வாசலில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "டாக்டரம்மா வண்டியை விட்டா, உள்ள வண்டி எத்தனை?"

எண்ணினேன். ஏழு.

"சுவர்ல வளையம் எத்தனை?"

எண்ணினேன். எட்டு. நான் கணக்கில் வீக் என்பதால் இரண்டாம் முறையும் எண்ணினேன். எட்டுதான்.

அந்த அம்மாள் அங்கேயே இருந்தார். பட்டறைக்காரர் மேசையில் புதிதாக ஒரு சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். அண்ணி மச்சினனைக் கூப்பிட்டு, எந்த வளையம் எந்த வண்டிக்கு என்று எனக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். கொழுந்தனாருக்குத் தொழில் கற்றுக்கொள்ள ஆசை என்றார். அவனும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். சீட்டைப் பார்க்காமலேயே, தொட்ட மாத்திரத்தில், இது அந்தச் சிவப்பு வண்டியின் கதவு, இது வேனின் தண்ணீர்த் தொட்டி. அழகாகச் சொல்வான். ஏழு முடிந்தது. எட்டாவதன் மேல் கை போய், போன வேகத்தில் திரும்பி வந்தது.

அது மற்ற வளையங்களுக்குப் பின்னால், சீட்டு இல்லாமல் தொங்கியது. ஆறு நட்டு. ஆறிலும் வெள்ளைக் கோட்டின் பாதி. முதல் நட்டுப் பக்கம் அழகாக இரண்டு முறுக்கு.

"இது ஏதோ பழசு" என்றான்.

அண்ணி வளையத்தைக் கழற்றிக்கொண்டு டாக்டரம்மா வண்டிக்குப் போனார். கடைசி மூன்று நட்டுகளையும் வரிசை மாறாமல் மூன்று போல்ட்டுகளின் முனையில் வைத்துப் பார்த்தார். பெயின்ட் பிரஷ்ஷின் ரோமம் விட்ட கீறல்கூட நட்டில் தொடங்கி போல்ட்டில் போய் முடிந்தது.

பட்டறைக்காரர் சீட்டும் கையுமாக எழுந்து வந்தார். பார்த்தார். அப்போதும், "பாத்தீங்களா, நானே கழட்டி நானே மாட்டியிருக்கேன்" என்றார்.

"கீழ் நட்டை நீங்க தனியாக் கழட்ட முடியுமா?" என்று அண்ணி கேட்டார்.

முடியாது என்று தலையசைத்தார்.

"அப்ப நீங்க கழட்டியிருந்தா, டார்ச் பிடிச்சவருக்குத் தெரிஞ்சிருக்கும். மாமா, நீங்கதான் கழட்டினீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். சொல்லலை. டார்ச் இல்லாம, மேல ஆள் இல்லாம, கீழே படுத்துக்கிட்டே அதைக் கழட்டணும்னா அது எங்க இருக்குன்னு கண்ணால பார்த்திருக்கணும்."

பட்டறையில் ஒரு ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அணைத்தார்கள். நானாக இருக்கலாம்.

அந்த அம்மாள் தம்பியைப் பார்த்தார். அவன் அண்ணியைப் பார்த்தான். நட்டுகளைச் சாக்கடையில் வீசியிருக்கலாமே, ஏன் மாட்டி வைத்தாய் என்று அண்ணி கேட்டார். கேள்வியில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கழட்டின நட்டை வீசிப் பழக்கமில்லைங்க" என்றான். பிறகு அக்காவிடம் திரும்பினான். "இருபத்திரண்டு வருஷம் கீழே படுத்து டார்ச் பிடிச்சேன்க்கா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தா ஸ்பேனர், நீ போடுன்னு சொன்னாரா? அவரா உட்கார்ந்தாத்தானே எனக்கு எழுந்து நிக்க முடியும்."

"குழந்தை போற வண்டிடா அது" என்றார் அக்கா.

அவன் அப்போது அழுதான் என்று சொல்பவர்கள் உண்டு. அழவில்லை. பட்டறைகளில் கண்ணில் கரி விழுவது சகஜம்.

பட்டறைக்காரர் திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் கையிலிருந்த சீட்டை மடித்தார், இன்னும் சின்னதாக மடித்தார், அதற்கு மேல் மடிக்க முடியாதபோது பேசினார்.

"எனக்கு மறதியாவே இருந்திருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு வேலையில் இறங்கிவிட்டார். கம்பி பிரஷ்ஷால் மரைகளைத் தேய்த்தார், இடையில் கசிவை அடைக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துப் புதிது வைத்தார், ஐந்து புது நட்டுகளை எடுத்து நான்கைக் கையால் திருகினார். கீழ் நட்டு பாக்கி. பழக்கதோஷம், மச்சினன் வண்டிக்கு அடியில் போகக் குனிந்துவிட்டான். அவர் காலைக் குறுக்கே வைத்தார். தள்ளவில்லை, வைத்தார். அந்த அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் படுத்து டார்ச்சை வாங்கினார். வெளிச்சம் எல்லா இடத்திலும் விழுந்தது, நட்டின் மேல் தவிர. இடதா என்று அவர் கேட்க, யார் இடது என்று அம்மாள் கேட்க, மூன்று நிமிட வேலை முக்கால் மணி ஆனது. போட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாவி கைமாறவில்லை. மச்சினன் வீட்டுக்கு வருவது அவன் அக்காவின் உரிமை, பட்டறை வாசலை மட்டும் மிதிக்க வேண்டாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். அந்த அம்மாள் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, தம்பியின் முகத்தைப் பார்க்காமல், அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னார்:

"வீட்டுக்கும் வேண்டாம்."

அவன் அந்த நீளச் சாலையில் நடந்து போனான். எதிர்ப் பட்டறைக்காரன் வாசலில் நின்று பார்த்தான், சிரிக்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரை மச்சினன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அண்ணி சொன்னார். இரண்டு முறை பார்த்தான். பட்டறை வாசலில் யாரும் இல்லை.

எல்லாம் நான் சொன்னது சொன்னபடி நடந்தது. ஒரே ஒரு தகவல்தான் பாக்கி: எனக்கு அண்ணன் என்று யாரும் கிடையாது, கூடப் பிறந்தது ஒரு அக்கா மட்டும், அவளைக் கட்டியவர் கார் பட்டறை வைத்திருந்தார்.